சுறா கடித்த கால்

திண்டிவனத்தில் அருளைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் காலைத் தெரியாதவர்கள் குறைவு. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன் அவன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உள்ளூர் கேபிள் டி.வி.யில் ‘நிறையும் குறையும்’ என்று சினிமா விமர்சனம் செய்கிறவனும் அவன்தான். வலது கெண்டைக்காலில் ஒரு சாண் நீளத்துக்கு வளைந்த தழும்பு. அதன் இரண்டு பக்கமும் பல் பதிந்தது போலப் புள்ளிகள். பதினைந்து வயதில் கடலில் சுறா கடித்தது என்று சொல்வான். கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னான். அந்தப் பெண் தேவயானி இவனைக் கட்டிக்கொண்டதில் அந்தச் சுறாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

சுறா கடிக்கவில்லை. இதைக் கடைசிவரை மூடி வைத்து வாசிப்பவரை ஏமாற்றுவதில் பயனில்லை. ஏமாற்ற வேண்டிய அளவுக்கு அருளே ஏமாற்றிவிட்டான்.

நடந்தது 1993ஆம் வருஷம், கோடை விடுமுறையில். மரக்காணத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் ராஜாங்கத்தின் மகன் அருள். அவனுக்கு மூத்தவள் கிருஷ்ணவேணி. அவளை அதே குப்பத்தில் துரைக்கண்ணுவுக்குக் கொடுத்திருந்தார்கள். துரைக்கண்ணு, விருத்தாசலம், சீனுவாசன் மூன்று பேரும் கூட்டாக ஒரு கட்டுமரமும் ஒரு பெரிய வலையும் வைத்திருந்தார்கள். அன்றைக்கு மற்ற இருவரும் கோலியனூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால், “நான் வர்றேன் மாமா” என்று அருள் ஏறிக்கொண்டான். துரைக்கண்ணு யோசித்தார். பிறகு வேண்டாம் என்று சொல்லாமல் விட்டார்.

வலை விடும்போது கயிறு சுருள் சுருளாகக் கிடந்து ஒவ்வொரு வளையமாக ஓடும். ஓடுகிற கயிற்றின் வளையத்துக்குள் காலை வைக்கக் கூடாது. குப்பத்தில் நீச்சல் கற்றுக்கொள்வதற்கு முன்பே பிள்ளைகள் கற்றுக்கொள்கிற பாடம் இது. அப்படிக் காலை வைத்தவன் உயிரோடு திரும்பினாலும் சாகிறவரைக்கும் கேலிதான். வெளியூரிலிருந்து வருகிறவன் வைக்கலாம், மீன் வாங்க வருகிற வியாபாரி வைக்கலாம். ராஜாங்கத்தின் மகன் வைக்கலாமா? வைத்தான். தூரத்தில் போன ஒரு கப்பலை வேடிக்கை பார்த்துக்கொண்டே வைத்தான்.

கல் கட்டிய வலை நீரோட்டத்தில் இழுத்துக்கொண்டு போக, வளையம் சுண்டி அவன் காலைப் பிடித்தது. ஆளை அப்படியே உள்ளே கொண்டுபோயிற்று. துரைக்கண்ணு மீன் கத்தியோடு குதித்தார். கலங்கிய தண்ணீரில் கண் தெரியாமல் கயிற்றைத் தடவிப் பிடித்து, வலைப் பக்கம் அறுத்தார். இரண்டாவது இழுப்பில் கத்தி நழுவிக் காலையும் கிழித்தது. பையனைக் கட்டுமரத்தில் போட்டுவிட்டு அவர் நிமிர்ந்தபோது வலை போய்விட்டிருந்தது. தேடியிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. தலைத்துண்டால் காலை இறுக்கிக் கட்டிவிட்டுக் கரையைப் பார்த்துத் துடுப்புப் போட ஆரம்பித்தார்.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று நாலு பக்கமும் கேள்வி. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அருளுக்கு வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. துரைக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

“சுறா.”

துரைக்கண்ணு அவனை ஒரு தரம் பார்த்தார். மரக்காணம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், தையல் போட்டார்கள். குப்பத்துக்காரர்கள் யாரும் காயத்தைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கத்திக்கும் பல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். கட்டு பிரித்தபோது தையல் ஓட்டைகளே பல் பதிந்த மாதிரி ஆகிவிட்டிருந்தன. பொய்க்குச் சில சமயம் இப்படித் தானாக உதவி வந்து சேர்கிறது.

மூன்றாம் நாள் கூட்டாளிகள் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். வலை இல்லை. மரத்தில் கட்டிய கயிற்றின் நுனி மட்டும் இருந்தது, கத்தியால் அறுத்த நுனி. கோயில் பக்கத்தில் ஊர் கூடியது. சுறா கடித்தால் பையனை மேலே தூக்கிப் போடு, வலைக் கயிற்றை மரத்திலேயே விட்டு வை, அதை ஏன் அறுத்தாய் என்று விருத்தாசலம் கேட்டார். துரைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு, நான்தான் அறுத்தேன் என்று மட்டும் சொன்னார். விருத்தாசலம் பையன் பக்கம் திரும்பினார். சுறா வந்தபோது உன் மாமன் என்ன செய்தான் என்று கேட்டார்.

இந்த இடத்தில் அருள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதல் பொய் வாய் தவறி வந்தது, பதினைந்து வயதுப் பையன், போகட்டும். இரண்டாவது பொய் அப்படியல்ல. அப்பா பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக ஊரில் அவனை எல்லோரும் ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். அவன் யோசித்துத்தான் சொன்னான்.

“பயந்துட்டாரு. கயித்த அறுத்துட்டு ஜல்தியா கரைக்கு வந்துட்டாரு.”

அவ்வளவுதான். கூட்டம் கலைந்துவிட்டது. பெரிதாகத் தண்டனை ஒன்றும் போடவில்லை. ஆனால் கடலில் பயந்து கயிற்றை அறுத்தவனோடு யாரும் மரம் ஏற மாட்டார்கள். அதற்குத் தனியாகத் தீர்ப்பு வேண்டியதில்லை. பயப்படுவது குற்றமில்லை, பக்கத்தில் இருக்கிறவன் உயிர் அந்தப் பயத்தில் போய்விடும் என்பதுதான் கணக்கு. துரைக்கண்ணு ஆறு மாதம் கரையில் சும்மா உட்கார்ந்து பார்த்தார். பிறகு கிருஷ்ணவேணியைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற வேலை கிடைத்தது. கடலைப் பார்த்தே வளர்ந்த மனிதர் இருட்டு அறையின் வாசலில் டார்ச் லைட்டோடு நின்றார்.

அருளுக்கு அதன் பிறகு நடந்ததெல்லாம் நல்லதுதான். கால் ஊனமாகிவிடும் என்று பயந்து அப்பா அவனைக் கடலுக்கு அனுப்பவில்லை. திண்டிவனத்தில் ஹாஸ்டலில் போட்டுப் படிக்க வைத்தார். சனிக்கிழமை ஆனால் அவன் பஸ் ஏறி விழுப்புரம் போய்விடுவான். அக்கா வீட்டில் சாப்பாடு, மாமா கொட்டகையில் இலவசப் படம். துரைக்கண்ணு அவனை ஃபேனுக்கு அடியில் உட்கார வைப்பார். இடைவேளையில் போண்டா வாங்கிக்கொண்டு வந்து கையில் கொடுப்பார். அந்த போண்டாவை அவன் தின்றான். எப்படித் தின்றோம் என்று பிற்காலத்தில் நினைத்துப் பார்த்திருக்கிறான்.

சினிமாப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். சினிமாவைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். துரைக்கண்ணு ஒரு படத்தை நாற்பது தடவை பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். ஆனால் படம் எப்படி மாமா என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்லிவிடுவார், எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே பொய் சொல்கிறது என்று. அந்த இரண்டு வரியைத்தான் அருள் இரண்டு நிமிஷமாக நீட்டி, கொஞ்சம் இலக்கணத் தமிழ் கலந்து, கேபிள் டி.வி.யில் பேசிப் பேர் வாங்கினான். சொன்னவர் பெயரை அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சொன்னதில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. நடந்ததைத் துரைக்கண்ணு தன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. ஊரோடு சேர்ந்து கிருஷ்ணவேணியும் சுறாக் கதையை நம்பினாள். நல்லவள்தான். ஆனால் குப்பத்தை விட்டு வந்து, கோலியனூர் கூட்டுரோட்டில் ஒற்றை அறை வாடகை வீட்டில் குடும்பம் நடத்துகிறவளுக்கு ஆத்திரம் வந்தால் கையில் கிடைப்பதைத்தானே எடுப்பாள். அவளுக்குக் கிடைத்தது அந்தச் சுறா. ஒருநாள் கொட்டகை முதலாளியிடம் தீபாவளிக்கு லீவு கேட்கத் தயங்கினார் என்று சண்டை. அருள் எதிரில் உட்கார்ந்து கேப்பைக் களியை வேர்க்கடலையை அரைத்த மல்லாட்டைச் சட்னியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

“சுறாவ பாத்து வலைய அறுத்துக்கினு ஓடியாந்த ஆளு, மொதலாளிய பாத்து வாய தொறக்கவா போறாரு?” என்றாள் அவள்.

துரைக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது இவனுக்கு இன்னும் கொஞ்சம் சட்னி வை என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லிவிடலாம் என்று அருளுக்கு வாய்வரை வந்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று விழுங்கிவிட்டான். அடுத்த வாரம் என்பது இருபது வருஷம் நீண்டது. நடுவில் அப்பா ராஜாங்கம் இறந்துபோனார், சுறாவிடமிருந்து தப்பிய பிள்ளையைப் பெற்றவன் என்ற பெருமையோடு.

2014இல் ஒரு இங்கிலீஷ் படம் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. சுறாப் படம். சுவரொட்டியில் வாயைப் பிளந்துகொண்டு சுறா, அதன் பல்லுக்கு நடுவில் ஒரு பெண். சேனல் நடத்துகிற வேங்கடேசன் அதைப் பார்த்ததும் குதித்துவிட்டார். சுறா கடித்த ஆளே சுறாப் படத்தை விமர்சனம் செய்கிறார் என்று நாலு நாள் முன்பிருந்தே கீழே எழுத்து ஓட விட்டார். பேசி முடித்ததும் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காலைக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அருள் சிரித்துக்கொண்டே சரி என்றான். அந்தச் சிரிப்பு அவனுக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

படம் திண்டிவனத்துக்கு வரவில்லை, விழுப்புரத்தில் துரைக்கண்ணு வேலை பார்க்கிற கொட்டகையில்தான் ஓடியது. வியாழக்கிழமை பகல் காட்சிக்குப் போனான். அறுபது பேர் இருப்பார்கள், பாதி கல்லூரிப் பையன்கள். துரைக்கண்ணு டிக்கெட்டைப் பார்க்காமலே உள்ளே விட்டார். தலை முழுக்க நரைத்துவிட்டது. டார்ச் மட்டும் புதிது.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு புருஷன், பெண்டாட்டி, ஒரு குழந்தை, வாடகைப் படகு, அதை ஓட்டுகிற படகுக்காரன். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடுகிறது. ஒரு மணல் திட்டில் ஏறி நிற்கிறார்கள். தண்ணீர் ஏற ஏறத் திட்டு சின்னதாகிக்கொண்டே வருகிறது. சுற்றிலும் சுறா. முதல் முக்கால் மணி நேரம் அருள் நாற்காலி நுனியில் உட்கார்ந்துதான் பார்த்தான். பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, தண்ணீரின் சத்தம் மட்டும். அந்தப் பெண்ணின் உதடு வெடித்து நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு வராமல் போகிற இடத்தில் பக்கத்துப் பையன்கூடத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். அதற்கப்புறம்தான் படம் கெட்டது. சுறா ஏதோ பங்காளிச் சண்டையில் வந்தது போல அந்தக் குடும்பத்தை மட்டுமே துரத்தியது. காலில் பட்ட வெட்டுக் காயம் மறுநாள் காணாமல் போனது. உப்புத் தண்ணீர் காயத்தை என்ன பாடுபடுத்தும் என்று காயம் பட்டவனுக்குத் தெரியும்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. படகிலிருந்து தண்ணீருக்குள் ஒரு கயிறு போகிறது. படகுக்காரன் பயத்தில் முகம் கோணி, கத்தியை எடுத்து அந்தக் கயிற்றை அறுத்து, குடும்பத்தைத் திட்டிலேயே விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறான். கொட்டகை கொந்தளித்தது. தொடைநடுங்கி என்று ஒருவன் கத்த, இன்னும் மோசமானதை இன்னொருவன் கத்தினான். அந்தப் படகுக்காரனைச் சுறா தின்றபோது கைதட்டல். அருள் திரும்பிப் பார்த்தான். வாசல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு துரைக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அவர் படத்தைப் பார்க்கவில்லை, கைதட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சத்தத்தை அவர் ஒரு நாளைக்கு நாலு காட்சி கேட்கிறார்.

படம் விட்டதும் எதிர் டீக்கடையில் வழக்கம்போல நின்றார்கள். வழக்கம்போலவே அருள் கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குச் சரக்கு வேண்டுமே. தண்ணீரை நன்றாக எடுத்திருக்கிறான், திட்டு சின்னதாகிறபோது எனக்கே பயம் வந்தது, சுறாவுக்குத்தான் வேறு வேலைவெட்டி இல்லை போலிருக்கிறது என்று துரைக்கண்ணு சொன்னார். டீயை ஊதிக் குடித்தார். பிறகு அவராகவே தொடர்ந்தார்.

“அந்த போட்டுக்காரன் கயித்த அறுக்கறான் இல்ல, அங்கதான் படம் தப்பு பண்ணுது. அவன் மூஞ்ச காட்றான், கத்திய காட்றான். கயித்தோட அந்தாண்ட பக்கம் இன்னா இருந்துதுன்னு காட்டல. அத காட்டாம ஒருத்தன பயந்தாங்கொள்ளின்னு எப்படி சொல்றது?”

குத்திக்காட்டுகிற குரலே அதில் இல்லை. படத்தைப் பற்றித்தான் பேசினார். பேசிவிட்டு, மூணு மணி பஸ்ஸை விட்டால் பேஜாராகிவிடும், கிளம்பு என்றார்.

திண்டிவனம் வந்து சேர்கிறவரை அருளின் தலைக்குள் அந்த வாக்கியமே ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மனசு உள்ளவனாக இருந்தால் அன்றைக்கே திரும்பிப் போயிருப்பான். அருள் என்ன செய்தான் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேமரா முன்னால் உட்கார்ந்து, நிறைகளை அழகாக அடுக்கி, குறைகளுக்கு வந்து, அந்த வாக்கியத்தைத் தன் வாக்கியமாகச் சொன்னான். கயிற்றின் மறுபக்கத்தைக் காட்டாமல் ஒருவனைக் கோழை என்று தீர்ப்பு எழுதுவது இந்தப் படத்தின் மிகப் பெரிய குறை என்று, கடலில் பிறந்தவன் என்ற உரிமையோடு, கையை உயர்த்திச் சொன்னான். அப்புறம் பேண்ட்டைச் சுருட்டிக் காலைக் காட்டினான். வேங்கடேசன் கேமராவுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கினார்.

சுறா ஆள் என்பதால் வேங்கடேசன் அந்த நிகழ்ச்சியை விழுப்புரத்திலிருந்த கூட்டாளியின் சேனலுக்கும் கொடுத்திருந்தார். அது அருளுக்குத் தெரியாது. மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தபோதுதான் தெரிந்தது.

“நல்லா பேசினடா,” என்றாள் கிருஷ்ணவேணி. “அந்த போட்டுக்காரன் கதைய சொன்னியே, அப்போ உங்க மாமா எழுந்து வெளிய போயிட்டாரு. உறுத்தும் இல்ல? எத்தினி வருஷம் ஆனா இன்னா, செஞ்சது உறுத்தத்தான செய்யும்.”

அருள் போனை வைத்தான். கடையில் ரீசார்ஜுக்கு வந்த ஆள் நம்பரைச் சொல்லிக்கொண்டே இருந்தார், அவன் காதில் எதுவும் விழவில்லை. கடையைச் சாத்தினான். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து விழுப்புரத்துக்குப் போனான்.

கிருஷ்ணவேணி முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். உட்காராமல், நின்றபடியே அருள் சொன்னான். வேடிக்கை பார்த்ததைச் சொன்னான், வளையத்தில் காலை வைத்ததைச் சொன்னான். துரைக்கண்ணு குதித்ததையும் கத்தியையும், கோயில் பக்கத்தில் இரண்டாவது தடவை பொய் சொன்னதையும் சொன்னான். சுறாவே வரவில்லையா என்று கிருஷ்ணவேணி கேட்டாள். வரவில்லை என்றான். மறுபடியும் அதையே கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் அருளைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

துரைக்கண்ணு துண்டைத் தோளில் போட்டார். இருபத்தோரு வருஷத்தில் முதல்முறையாக அருள் அவர் கோபத்தைப் பார்த்தான்.

“ரெண்டு நாள்ல நீயே சொல்லிடுவன்னு இருந்தேன். அப்புறம் ஒரு வருஷம் இருந்தேன். அப்புறம் வுட்டுட்டேன். இப்ப வந்து எதுக்குடா சொன்ன? எனக்கு எல்லாம் மரத்துப்போச்சு. இத்தினி வருஷமா இவ என்னப் பேசினதெல்லாம் இனிமே இவளுக்குத்தான வலிக்கும்?”

அது உண்மை. கிருஷ்ணவேணியின் கை முறத்தின் மேலேயே நின்றுவிட்டது. தீபாவளி லீவுச் சண்டை மாதிரி எத்தனை சண்டைகள், எத்தனை முறை அந்தச் சுறாவை எடுத்து அவர் முகத்தில் எறிந்திருப்பாள். ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வருவது அவள் முகத்திலேயே தெரிந்தது. எழுந்து புடவையை உதறிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

குப்பத்துக்குப் போகிறோம் என்றாள் அருளிடம். துரைக்கண்ணு வரவில்லை. பகல் காட்சிக்கு டிக்கெட் கிழிக்க வேறு ஆள் இல்லை என்று சொன்னார். அவள் வற்புறுத்தவில்லை. திண்டிவனத்தில் பஸ் மாறினார்கள். பிரம்மதேசம் தாண்டி, உப்பளங்கள் தாண்டி, கடல் கண்ணில் படுகிறவரை அவள் இரண்டு பேர் சீட்டில் தம்பிக்கும் தனக்கும் நடுவில் தன் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுனாமிக்குப் பிறகு குப்பம் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டிருந்தது. கான்கிரீட் வீடுகள் வரிசையாகத் தள்ளிப் போயிருந்தன. கரையில் கட்டுமரத்தைக் காணோம், எல்லாம் ஃபைபர் படகு. வலை பின்னுகிற கொட்டகையில் ஏழெட்டு இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் விருத்தாசலம். எழுபது தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் பார்வை இல்லை, சீனுவாசன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அருளைப் பார்த்ததும் பையன்கள் எழுந்துவிட்டார்கள். யாரோ டி.வி.யில் வந்ததைப் போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். சுறா கடிச்ச அருளு அண்ணன் என்று ஒருவன் கை கொடுத்தான். இன்னொருவன் காலோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றான்.

“மொதல்லேருந்து சொல்லு,” என்றாள் கிருஷ்ணவேணி.

சொன்னான். பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்து வைத்திருந்த நல்ல வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. டி.வி.யில் தங்குதடையின்றிப் பேசுகிறவன் இங்கே தடுமாறித் தடுமாறிப் பேசினான். கை கொடுத்தவன் மெல்லக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டதை அருள் பார்த்தான். துரைக்கண்ணுன்னா யாரு என்று ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். அவனுக்கும் தெரியவில்லை. சுறா மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கயிற்றை அறுத்து அவனைக் காப்பாற்றியவரை அந்தக் கொட்டகையில் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

விருத்தாசலம் பின்னுகிற ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், வளையத்தில் எந்தக் காலை வைத்தாய் என்று கேட்டார். வலது கால் என்றான் அருள். கட்டுமரத்துப் பக்கம் அறுத்தானா, வலைப் பக்கம் அறுத்தானா என்று கேட்டார். வலைப் பக்கம் என்றான். கிழவர் தலையை ஆட்டினார்.

“அப்படித்தான் அறுக்கணும். மரத்துப் பக்கம் அறுத்திருந்தா நீ வலையோட போயிருப்ப. தண்ணிக்குள்ள அது எவனுக்கும் ஞாபகம் வராது.”

கிருஷ்ணவேணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். விருத்தாசலம் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, உன் புருஷன் இங்கிருந்து போன பிறகு இரண்டு தடவை என்னிடம் வந்தான் தெரியுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியாது. ஒரு தடவை மட்டும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கடைசியில் உட்கார்ந்து துடுப்பு மட்டும் போடுகிறேன் என்று கேட்டானாம். பயந்தவனை மரத்தில் ஏற்ற மாட்டேன் என்று இவர்தான் சொல்லி அனுப்பிவிட்டாராம். இரண்டாவது தடவை வந்தபோது இவர் வெளியில் வந்து முகம்கூடக் கொடுக்கவில்லையாம். துரைக்கண்ணு சாயங்காலம் வரைக்கும் கரையில் நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போனானாம்.

இதைச் சொல்லிவிட்டு அவர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பினார். எதிரே படகுகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கரை ஏறிக்கொண்டிருந்தன.

“அப்ப அவன் இத்தினி வருஷமும் கடலுக்கு வந்திருக்கலாமே,” என்றார்.

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அருளைப் பார்த்தும் சொல்லவில்லை. அருள் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தான். கிருஷ்ணவேணி அவனைத் திரும்பிப் பார்த்தாள், கிழவரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை.